பழைய பென்ஸ் காரின் செலவுக் கணக்கு

தம்புள்ளையிலிருந்து ஹபரணைக்குச் செல்லும் பெருந்தெருவில், இனாமலுவைச் சந்தியில் கிழக்கே திரும்பிக் கிம்பிஸ்ஸையைக் கடந்து சென்றால் சீகிரியாக் குன்று கண்முன் எழும். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்ப மன்னன் கோட்டை அமைத்த அக்குன்றைக் காண்பதற்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்களை நம்பி வாழும் குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் பல. விடுதி வைத்திருப்போர், உணவுக்கடை நடத்துவோர், வழிகாட்டிகள், முச்சக்கர வண்டி ஓட்டுவோர் ஆகியோருடன், சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டும் சாரதிகளும் உளர். அத்தகைய சாரதி ஒருவர், தம் சிறிய காரை விற்று, அந்தப் பணத்தோடு கொஞ்சம் கடனும் பெற்று, ஒரு பழைய பென்ஸ் கார் வாங்கலாமா என்று எண்ணத் தொடங்கினால், அவர் போடவேண்டிய கணக்கு எது என்பதே இப்பேச்சின் பொருள்.

அவருடைய எண்ணம் பேராசையன்று. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சீகிரியாவுக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். இரவெல்லாம் விமானத்தில் அமர்ந்து வந்த முதிய தம்பதியர், கால் நீட்டி அமரத்தக்க, ஓசையற்ற, குளிரூட்டிய காரொன்று கிடைக்குமாயின் கூடுதல் வாடகை தரத் தயங்கார். அங்கிருந்து கண்டி, கண்டியிலிருந்து நுவரெலியா என ஐந்தாறு நாள் பயணம் அமையுமாயின், கார் நல்லதாக இருப்பதே சாரதியின் நற்பெயருக்குப் பாதி காரணம். மேலும், பழைய பென்ஸ் கார்கள் வியக்கத்தக்க மலிவில் கிடைக்கின்றன. இலங்கைச் சந்தையில் ஜப்பானியச் சிறு கார் எத்தனை ஆண்டு ஓடினாலும் விலை குன்றாமல் நிற்கும். ஐரோப்பியச் சொகுசுக் காரோ வயது ஏற ஏற விரைந்து விலை இறங்கும். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் நாட்டில் இருந்த கார்களையே மக்கள் மாறி மாறி விற்று வாங்க வேண்டியிருந்தது. அக்காலத்திற்கூட இவ்வேறுபாடு மறையவில்லை.

மலிவுக்குக் காரணம் வெளிப்படையானது. காரின் விலை இறங்குகிறது. அதன் பாகங்களின் விலை இறங்குவதில்லை. இருபது ஆண்டுக்கு முன் செல்வர் ஒருவர் புதிதாக வாங்கியபோது அக்காருக்கு எத்தகைய கியர் பெட்டியும் எத்தகைய பிரேக்கும் பொருத்தப்பட்டிருந்தனவோ, அவையே இன்றும் அதில் உள்ளன. அவை பழுதானால், செல்வருக்கென்று குறித்த விலையையே சாரதியும் கொடுக்க வேண்டும். சந்தை இதனை நன்கு அறியும். ஆகவேதான் அஞ்சி விலகி நிற்கிறது. அஞ்சுவது எளிது. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்தறிவதே பயனுடையது.

ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஒரு மெக்கானிக்கின் ஒரு மணிநேரக் கூலி மிக அதிகம். ஆதலால் அங்கே பழைய காரைக் கைவிடச் செய்வது பெரும்பாலும் கூலியே. பத்து ரூபாய்ப் பாகமொன்றை மாற்றுவதற்கு இரண்டு நாள் கழற்ற வேண்டுமாயின், அங்குள்ளவர் காரையே விற்றுவிடுவார். இலங்கையில் நிலைமை தலைகீழ். தம்புள்ளையிலோ குருநாகலிலோ உள்ள கராஜில் இரண்டு நாள் வேலைக்கான கூலி தாங்கக்கூடியதே. தாங்கமுடியாதது டாலரில் விலை குறிக்கப்பட்ட பாகம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபா. மார்ச்சில் ரூபாவின் கட்டு தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் 360 ரூபாவை நெருங்கியது. பின்னர் சற்று இறங்கி, 2024ஆம் ஆண்டின் முடிவில் 290 ரூபாவுக்கும் 300 ரூபாவுக்கும் இடையே நின்றது. ஆயிரம் டாலர் பெறும் பாகமொன்று, யாதொரு மாற்றமும் இன்றி அதே பெட்டியில் அதே அலுமாரியில் கிடந்தபடியே, சில வாரங்களில் 2 இலட்சம் ரூபாவிலிருந்து 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவாயிற்று. இறக்குமதித் தீர்வையும் கடைக்காரரின் இலாபமும் இதற்குமேல்.

எனவே சீகிரியாச் சாரதி பழுதுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நன்று. ஒன்று நேரத்தைத் தின்னும் பழுது. மற்றொன்று பாகத்தைத் தின்னும் பழுது. முன்னது அவரைச் சில நாள் வருத்தும். பின்னது அவர் வீட்டை அடகுக்கு அனுப்பும்.

இனி ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்ளலாம். 2002ஆம் ஆண்டில் வெளிவந்து 2009 வரை விற்கப்பட்ட ஈ வகுப்புப் பென்ஸ் கார், அதாவது தொழிற்சாலையில் 211 என்னும் இலக்கத்தால் குறிக்கப்படுவது, பொருத்தமான எடுத்துக்காட்டு. அழகும் இட வசதியும் நிரம்பிய கார் அது. இவ்வகையில் 1.8 லீற்றர் எஞ்சினும் காற்றை அழுத்தி ஊட்டும் கருவியும் கொண்ட ஈ 200 கொம்பிரசர் என்னும் மாதிரியை இலங்கை வீதிகளில் காணலாம். எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து வரி விதிக்கப்படும் நாட்டில் சிறிய எஞ்சினை நாடுவது இயல்பே.

இக்காரில் முதலாவது பார்க்கவேண்டியது பிரேக். 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை செய்யப்பட்ட கார்களில், போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய சென்சோட்ரானிக் என்னும் மின்சார பிரேக் பொருத்தப்பட்டது. சாதாரணக் காரில் சாரதியின் கால் மிதியை அழுத்த, மிதி எண்ணெயை அழுத்த, எண்ணெய் சில்லைப் பிடிக்கும். சென்சோட்ரானிக்கில் கால் மிதித்தால் முதலில் செல்வது ஒரு மின் குறிப்பு மட்டுமே. ஒரு பம்பு ஏற்கெனவே எண்ணெயைப் பேரழுத்தத்தில் ஒரு கலத்தில் சேமித்து வைத்திருக்கும். எந்தச் சில்லுக்கு எவ்வளவு அழுத்தம் என்று கம்பியூட்டர் கணித்துத் திறந்துவிடும். புத்தம் புதிதாக இருந்தபோது இது வியத்தகு வேலை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கருவி தான் எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்பதை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை ஏறத்தாழ 3 இலட்சத்தை அடைந்ததும் சாரதியின் முன்னுள்ள பலகையில் எச்சரிக்கை தோன்றும். முழுக் கருவியையும் மாற்றவேண்டும் என்பதே அதன் பொருள். 2004ஆம் ஆண்டில் இந்த பிரேக்கின் பொருட்டு 6 இலட்சத்து 80 ஆயிரம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்துப் பரிசோதித்தது. 2005இல் இன்னுமொரு பெரும் அழைப்பு நிகழ்ந்தது. 2006இல் ஈ வகுப்பிலிருந்து அதனை நீக்கிப் பழைய முறை பிரேக்குக்கே திரும்பியது. செய்தவரே கைவிட்ட கருவி என்றால் வாங்குவோர் இருமுறை எண்ண வேண்டாமா?

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியே இறங்கும் மலைப்பாதையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பிரேக் மிதிக்கப்படுகிறது என்பதை அவ்வழியே சென்ற எவரும் அறிவர். ஐரோப்பாவின் நெடுஞ்சாலையில் பல ஆண்டுகள் செல்லக்கூடிய எண்ணிக்கை இங்கே விரைவில் கரைந்துவிடும். இதற்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் கம்பியூட்டர் மூலம் பூச்சியமாக்கிவிடுவோர் பல நாடுகளில் இருக்கின்றனர். எச்சரிக்கை மறையும், பம்பின் மோட்டார் தேய்ந்தது தேய்ந்ததே. பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கப்படும் பழைய கருவியை வாங்கிப் பொருத்தினால், அதுவும் முன்னைய காரில் எண்ணிய எண்ணிக்கையைத் தன்னுடனேயே கொண்டுவரும். மின்சார பிரேக் முற்றாகச் செயலிழந்தாலும் முன்சில்லுகள் இரண்டையும் காலின் வலுவால் பிடிக்கும் அவசர ஏற்பாடு அதில் உண்டு என்பது உண்மை. ஆனால் மிதி ஆழமாக இறங்கும். நிற்க நெடுந்தூரம் வேண்டும். மூன்று பயணிகளும் அவர்களின் பெட்டிகளும் ஏறிய காரை மலைச்சரிவில் அவ்வாறு நிறுத்தும் நிலைக்குச் சாரதி வரலாகாது.

கராஜில் வேலை செய்வோருக்கு இன்னுமோர் ஆபத்து உண்டு. இந்தக் காரின் கதவைத் திறந்தாலே பிரேக் கருவி விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றக்கூடும். அதனை முறைப்படி உறங்கவைக்காமல் பிரேக் பாட் மாற்றக் கையை விட்டால், பிடி திடீரென மூடி விரலை நசுக்கிவிடும். வீதியோர கராஜில் எல்லாக் கார்களுக்கும் செய்வதுபோல் இதற்கும் செய்ய முற்படுவோர் முதலில் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

சீகிரியாவைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. குன்றின் மேற்கே உள்ள நீர்த்தோட்டத்தில், துளையிட்ட சுண்ணாம்புக்கல் தட்டுகளின் வழியே நீர் கொப்பளிக்கும் ஊற்றுகள் இருக்கின்றன. நிலத்தின் கீழ் அமைத்த கால்வாய்களும், உயரத்தில் தேங்கும் நீரின் அழுத்தமுமே அவற்றை இயக்குகின்றன. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழிந்த பின்னும், நல்ல மழை பெய்த காலத்தில் அவை வேலை செய்கின்றன. அங்கும் நீரின் அழுத்தம், இங்கும் எண்ணெயின் அழுத்தம். அங்கே அடைப்பை நீக்க ஒரு தடியும் மண்வெட்டியும் போதும்.

பிரேக்குக்கு அடுத்தது கியர் பெட்டி. இக்காலத்து ஈ வகுப்புக் கார்கள் பலவற்றில் ஐந்து கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி உண்டு. வலிமையான பெட்டி. பராமரித்தால் மூன்று நான்கு இலட்சம் கிலோமீற்றர் ஓடவல்லது. ஆனால் இதன் எண்ணெய் காரின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று தொடக்கத்தில் கூறப்பட்டது. பின்னர் நிறுவனமே அதனை மாற்றிக்கொண்டு எண்ணெய் மாற்றும்படி அறிவுறுத்தியது. முதற்கூற்றை மட்டும் நம்பி இருபது ஆண்டுகள் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியோர் பலர். மேலும், பெட்டியின் பக்கத்தில் மின்கம்பிகள் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் இணைப்பும் அதைச் சுற்றி இறப்பர் வளையமும் உள்ளன. வளையம் காய்ந்தால் எண்ணெய் கசிந்து, கம்பியின் உள்ளேயே விளக்குத் திரியில் ஏறுவதுபோல் ஏறி, தூரத்தில் உள்ள கம்பியூட்டரை நனைத்துவிடும். அந்த இணைப்பின் விலை பத்துப் பதினைந்து டாலர். நனைந்த கம்பியூட்டரின் விலை பன்மடங்கு. காரின் அடியில் படுத்து அந்த இணைப்பை விரலால் தடவிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.

கியர் பெட்டியின் மற்றொரு பகை ரேடியேட்டர். தானியங்கிப் பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே செல்கிறது. இவ்வகைக் கார்களின் தொடக்க ஆண்டுகளில் பொருத்தப்பட்ட ரேடியேட்டர்கள் சிலவற்றில் உட்சுவர் பழுதடைந்து, குளிர்நீர் மருந்து கியர் எண்ணெயோடு கலந்தது. மருந்தின் சிறு அளவே போதும், கியர் பெட்டியின் உராய்வுத் தகடுகள் ஊறி உரிந்துவிடும். எஞ்சின் சூடாகாது, நீர் குறைந்ததும் தெரியாது, ஆனால் 50 கிலோமீற்றர் வேகத்தில் கார் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தெருவின் குற்றம் என்று எண்ணிவிடுவோரே மிகுதி.

ரேடியேட்டரைப் பற்றி உலர்வலயத்தாருக்கென்று தனியே சொல்லவேண்டியது ஒன்றுண்டு. மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியிலும் அதற்கு அப்பாலும் உள்ள கிணற்றுநீர் கடினமானது. தேநீருக்கு வெந்நீர் வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதை அங்குள்ள எந்த வீட்டிலும் காணலாம். அதே நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே படிவு எஞ்சினின் நுண்ணிய வழிகளில் ஏறும். பழைய காலத்து இரும்பு எஞ்சின் அதனைப் பொறுத்துக்கொண்டது. பென்ஸ் எஞ்சினின் மேற்பகுதி அலுமினியம். ஒருமுறை கடுஞ்சூடு ஏறினால் வளைந்துவிடும். வளைந்த தலையைத் தேய்த்துச் சமன்செய்வது நேரம் தின்னும் வேலை. வெடித்த தலையை மாற்றுவதோ பாகம் தின்னும் வேலை. இரண்டையும் தவிர்க்கப் போதுமானது சுத்திகரித்த நீரும் உரிய மருந்தும். இவ்வளவு பெரிய இழப்பை இவ்வளவு சிறிய செலவால் தடுக்கும் இடம் அக்காரில் வேறில்லை எனலாம்.

எஞ்சினின் உள்ளே வால்வுகளை இயக்கும் சங்கிலியே ஈ 200 கொம்பிரசரின் அறியப்பட்ட பலவீனம். ஒற்றை வரிசைச் சங்கிலி அது, நாளடைவில் நீளும். அதன் மேலே உள்ள இரு சரிப்படுத்தும் சக்கரங்களின் பற்களும் தேயும். காலையில் குளிர்ந்த எஞ்சினை முதன்முதல் இயக்கும்போது சில கணம் கடகடவென்று ஓசை எழுமாயின், அதுவே முதல் அறிவிப்பு. அப்போதே சங்கிலியையும் சக்கரங்களையும் இழுவிசைக் கருவியையும் மாற்றிவிட்டால் செலவு கணிசமானதே ஆயினும் தாங்கக்கூடியது. பழைய சங்கிலியின் நுனியில் புதியதை இணைத்து மெல்ல உருட்டி ஏற்றும் முறையால் எஞ்சினை முழுதும் பிரிக்காமலே வேலையை முடிக்கும் தேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு. பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டு, சங்கிலி பல் தாவிவிட்டால், பிஸ்டனும் வால்வும் மோதும். அதன்பின் பேசவேண்டியது சங்கிலியைப் பற்றியன்று. வேறோர் எஞ்சினைப் பற்றி.

ஆறு சிலிண்டர் கொண்ட ஈ 280, ஈ 350 மாதிரிகளில் தொல்லை வேறு வகையானது. 2004 முதல் ஏறத்தாழ 2006 வரை செய்யப்பட்ட எஞ்சின்கள் பலவற்றில், அதிர்வைத் தணிக்கும் தண்டின் பற்சக்கரம் தகுதியற்ற உலோகத்தால் அமைந்து விரைவில் தேய்ந்தது. அமெரிக்காவில் இதன்பொருட்டு வழக்குகள் எழுந்தன. அங்கே திருத்தச் செலவு நாலாயிரம் டாலரும் அதற்கு மேலும் ஆயிற்று. அத்தொகையில் பெரும்பகுதி எஞ்சினைக் கழற்றி இறக்கிப் பிரிக்கும் கூலியே. இலங்கையில் அதே வேலை கூலியளவில் மலிவாக முடியலாம். எனினும் இங்குதான் மேலே சொன்ன பிரிவு சற்றுத் தடுமாறுகிறது. நேரம் மலிவு என்பதற்காக யாருடைய நேரமும் போதும் என்று கொள்ளலாகாது. தூசி புகாத இடமும், அளவுக் கருவிகளும், அந்த எஞ்சினை முன்பு பிரித்த கையும் வேண்டும். சீகிரியாவில் அவை இல்லை; கண்டிக்கோ கொழும்புக்கோ காரை ஏற்றிச் செல்ல வேண்டும். கார் அங்கே கிடக்கும் நாள்களில் வாடகை வருமானமும் கிடக்கும். முன்பதிவு செய்த பயணிகளுக்காக இன்னொருவர் காரை எடுத்து ஓட்டினால், மிஞ்சுவது சாரதியின் உழைப்பு மட்டுமே.

எட்டுச் சிலிண்டர் மாதிரிகளிலும், விரும்பிக் கேட்டு வாங்கிய வேறு சிலவற்றிலும் இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய இறப்பர்ப் பைகள் காரைத் தாங்குகின்றன. இரவில் நிறுத்திய கார் விடியும்போது ஒரு பக்கம் படுத்திருக்குமாயின் பை ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகலை ஈடுசெய்ய ஓயாது உழைக்கும் காற்றுப் பம்பு அடுத்துக் கருகும். மூலப்பாகம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் டாலர் பெறும். நான்கு சில்லுக்கும் எவ்வளவு என்பதை நேயர்களே பெருக்கிக்கொள்ளலாம். சீகிரியாவுக்கு இரும்பு வில்லே போதும்.

மின்சாரக் கோளாறுகளைப் பற்றி ஒரு நூலே எழுதலாம். ஆயினும் அவற்றிற் பல, பழுது என்னும் பெயருக்கே உரியனவல்ல. இந்தக் காரில் இரண்டு பற்றரிகள் இருக்கக்கூடும். பெரியது பின்பெட்டியில், சிறியது எஞ்சின் அறையில். பெரியது தளர்ந்தால் எதிரே உள்ள பலகையில் பிரேக், கியர், விளக்கு எனத் தொடர்பற்ற எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அனுபவமற்றவர் ஒவ்வொரு கருவியாக மாற்றத் தொடங்குவார். அனுபவமுள்ளவர் முதலில் பற்றரியைச் சோதிப்பார். இவ்விருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு சில இலட்சம் ரூபா. மரநிழலில் நிறுத்தப்படும் காருக்கு இன்னொரு சோதனை. முன்கண்ணாடியின் அடியில் மழைநீர் வடியும் துளைகள் உள்ளன. சருகு விழுந்து அவை அடைபட்டால், மாரிமழையில் நீர் உட்புறம் இறங்கி மின்கருவிகளை நனைக்கும். பயணிகள் குன்றின்மேல் ஏறி இறங்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில், ஒரு பழைய பிரஷ்ஷைக் கொண்டு அந்தச் சருகை அகற்றலாம். காட்டை அடுத்த ஊராதலால் எலிகளும் கம்பியைக் கடிக்கும். இவ்வளவு நுட்பமான காரை எலி வீழ்த்துகிறது.

குளிரூட்டியும் இவ்வாறே. வெயில் மிகுந்த அவ்வட்டாரத்தில் குளிரூட்டியின்றிச் சொகுசுக் கார் என்ற பெயரே பொருந்தாது. உட்புறக் குளிர்கலம் ஒழுகினால், முன்பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். ஐரோப்பியர் இதனைக் கேட்டாலே காரை விற்றுவிடுவர். இலங்கையிலோ பொறுமையுள்ள மெக்கானிக் ஒருவர் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார். நேரம் தின்னும் பழுதுக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

நிற்க. ஓடும் காருக்கே பழுது உண்டு என்று எண்ணுவது தவறு. நிற்கும் காரும் கெடும். 2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரலில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும், அடுத்த ஆண்டில் பரவிய கொள்ளைநோயும் அந்த வருகையை முறித்தன. 2021இல் வந்தோர் 2 இலட்சத்துக்கும் குறைவு. மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது 2024இல். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ வாடகைக் கார்கள் முற்றத்தில் துணி போர்த்தியபடி நின்றன. இறப்பர் வளையங்கள் காய்ந்தன. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியது. குளிரூட்டியின் வாயு மெல்லக் கசிந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, பங்கீட்டு முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலே தொடக்கத்தில் கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகவும், 95 ஒக்டேன் 550 ரூபாவாகவும் இருந்தன. கொம்பிரசர் எஞ்சினுக்கு உரியது 95. விலைக்கு அஞ்சி 92 ஊற்றினால் எஞ்சின் தன்னைத்தான் காத்துக்கொள்ளத் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும், வலு குறையும், எரிபொருள் கூடச் செல்லும். மிச்சம் பிடித்தது புகையாகப் போகும். ஓட்டக் கணக்கில் குறைந்த கிலோமீற்றர் காட்டும் பழைய பென்ஸைக் கண்டு மகிழ்வோர், அது எத்தனை ஆண்டு நின்ற கார் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

சிலர், 211ஐ விடுத்து அதற்கு முந்திய 124, 123 மாதிரிகளை நாடுவர். அவர்கள் அறிவற்றோர் அல்லர். 1976 முதல் 1985 வரை செய்யப்பட்ட 123இன் டீசல் எஞ்சின், முன்னாள் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடியது. 1960களின் தொடக்கம் முதல் 1977 வரை இலங்கையில் கார் இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், பாகம் கிடைக்காவிட்டால் கடைந்து செய், உருக்கி வார், வேறொன்றைத் தேய்த்துப் பொருத்து என்று ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் பழகினர். அந்தக் கைத்திறன் 123க்கு முழுதும் பயன்படும். 124க்கும் பெரும்பாலும் பயன்படும். 124இலும் 1990களின் முற்பகுதியில் செய்யப்பட்ட சிலவற்றில் மின்கம்பியின் மேலுறை உதிர்ந்து போகும் குறை உண்டு. அதையும் பொறுமையுள்ள மின்வேலைக்காரர் கம்பி கம்பியாக மாற்றிவிடலாம். 211இன் கம்பியூட்டரைக் கடைந்து செய்ய முடியாது. மற்றொரு காரிலிருந்து கழற்றிய கருவி சிலவேளை புதிய காரோடு பேச மறுக்கும். இரண்டையும் அறிமுகப்படுத்தி வைக்கத் தனிக் கருவியும் அறிவும் வேண்டும். ஆனால் நாற்பது ஆண்டு வயதான காரில் விமான நிலையத்திலிருந்து வரப் பயணிகள் எல்லோரும் இசைவர் என்று சொல்லமுடியாது. பழைமையை விரும்பி வருவோர் சிலர் உளர். அவர்களை மட்டும் நம்பிக் கடன் வாங்கலாகாது.

கடன் என்பதும் கணக்கின் பகுதியே. வயதான காருக்கு லீசிங் கிடைப்பது எளிதன்று. கிடைத்தாலும் வட்டி கூடுதலாகவே இருக்கும். கையிலுள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டு, மாதத் தவணையையும் தலையில் ஏற்றிக்கொண்டவர், முதலாவது பாகம் தின்னும் பழுதிலேயே வீழ்வார். கொடுக்கும் விலையில் நான்கில் ஒரு பங்கேனும் முதலாண்டுத் திருத்தத்துக்கென ஒதுக்கமுடியாதவர், அந்த விலைக்குரிய காரை வாங்கும் நிலையில் இல்லை என்றே கொள்ள வேண்டும். அவர் இன்னும் மலிவான பென்ஸைத் தேடுவது பரிகாரமாகாது. மலிவான பென்ஸே மிகவும் விலை கூடியது.

வாங்கத் துணிந்தவர், விற்பவர் வீட்டுக்கு விடியற்காலையில் முன்னறிவிப்போடு செல்லட்டும். எஞ்சினை இயக்கிவைக்க வேண்டாம் என்றும் சொல்லட்டும். முன்மூடியில் கைவைத்து, அது குளிர்ந்திருப்பதை உறுதிசெய்த பின்னரே சாவியைத் திருப்பவேண்டும். கடகட ஓசை எழுகிறதா என்று கேட்க அதுவே தக்க நேரம். கார் எந்தப் பக்கமாவது சாய்ந்து நிற்கிறதா, பின்பெட்டியின் விரிப்பின் கீழ் ஈரம் உண்டா, ரேடியேட்டரின் துணைக்கலத்தில் உள்ள நீர் துருநிறமா என்பனவற்றையும் எஞ்சின் சூடேறுமுன் பார்த்துவிடலாம். பின்னர் மாத்தளையிலிருந்து கண்டி செல்லும் வழியில் உள்ள பலகடுவை ஏற்றத்தில் குளிரூட்டியை முழுதும் திறந்துவைத்து ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது வெப்பமுள் நகர்கிறதா, இறங்கும்போது பிரேக் மிதி ஒரே உயரத்தில் நிற்கிறதா என்பவை அங்கே வெளிப்படும். கடைசியாக, இத்தகைய கார்களின் கம்பியூட்டரைப் படிக்கும் கருவி உள்ள கராஜுக்குக் கொண்டுசென்று, பிரேக் எண்ணிக்கை எவ்வளவு என்று படிக்கச் செய்ய வேண்டும். 2006க்கு முந்திய கார் என்றால் இதற்கு விற்பவர் இணங்காத இடத்தில் பேரத்தைத் தொடர்வதற்கு இடமில்லை. எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும் மகிழ்ந்துவிடலாகாது. ஓட்டக் கணக்கோடு ஒப்பிட்டு, யாரேனும் அழித்து எழுதினார்களா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய காரும் ஒருநாள் திருத்தமுடியாத நிலையை அடையும். அப்போது அதனை முழுக் காராக விற்க முயல்வதைக் காட்டிலும், பஞ்சிகாவத்தைக்குப் பாகம் பாகமாகக் கொடுப்பதே மிகுந்த பணம் தரக்கூடும். கதவுகள், விளக்குகள், தோல் இருக்கைகள், ஒழுங்காக எண்ணெய் மாற்றிவந்த கியர் பெட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு சாரதி காத்திருப்பார். எண்ணெய் மாற்றிய நாளும் கிலோமீற்றரும் குறித்த பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால், அந்தக் கியர் பெட்டிக்கு விலை இன்னும் சற்று ஏறும்.